இறுக்காத பிளேடு

தச்சரும் அவர் மனைவியும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. அன்று அத்தை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, பட்டறையில் உன் சம்சாரத்துக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டார்கள். நான் இழைக்கிறேன், அவள் கூட்டுகிறாள் என்றார் தச்சர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பேச்செல்லாம் தச்சரின் தங்கை வழியாகத்தான். தங்கை மாடியில் அவர்களோடு இருந்தாள். கீழே பட்டறையில் பாலிஷ் போடுவது அவள் வேலை. உங்கண்ணனைச் சாப்பிடச் சொல்லு, உங்கண்ணிகிட்ட சாவி எங்கன்னு கேளு என்று நாள் முழுக்க ஏறி இறங்கினாள். சண்டை என்றாலே அவளுக்கு ஆகாது. அதனால் மாடியில் வாங்கிய வார்த்தையைப் படியிலேயே கொஞ்சம் வழவழப்பாக்கிக் கொண்டுவந்து கொடுப்பாள். கொட்டிக்கச் சொல்லு என்பது சாப்பிடக் கூப்பிடுறாங்க என்று வந்து சேரும்.

புதன்கிழமை பிளானருக்குப் பிளேடு மாற்ற வேண்டியிருந்தது. இழைத்த பலகையில் கோடு கோடாக விழ ஆரம்பித்திருந்தது.

பிளானரில் ஒரு பக்கம் பலகையை நுழைத்தால் மறுபக்கம் சீராக இழைந்து வரும். நடுவில், மூடிக்குக் கீழே, ஓர் இரும்பு உருளை சுற்றுகிறது. பிளேடுகள் அதில்தான் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவை போல்ட்டுகள், வேறெதுவும் இல்லை. இறுக்காத பிளேடு அந்த வேகத்தில் உள்ளே தங்காது. வெளியே வந்தால் எதிரில் நிற்பது சுவரா ஆளா என்று பார்க்காது.

அதனால் மிஷின் வாங்கியதிலிருந்தே அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவர் பிளேடுகளை உட்காரவைத்து, உயரம் பார்த்து, போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி வைப்பார். ஸ்பேனர் போட்டு இறுக்குவது அவள். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கையில் தட்டுப்படும். இறுக்கியதும் மூடியைப் போட்டுவிட்டு, "இறுக்கியாச்சு" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் அவர் பிளக்கைத் தொடுவார்.

அன்று அவர் தன் பாதியை முடித்தபோது மரம் ஏற்றிய வண்டி வாசலில் வந்து நின்றது. மனைவி மாடியில் இருந்தாள். இறுக்கச் சொல்லு என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

தங்கை மாடிக்குப் போய்ச் சொன்னாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டுறவளுக்கு ஸ்பேனர் எதுக்காம்? அவரையே இறுக்கிக்கச் சொல்லு."

தங்கை இறங்கி வந்தாள். அண்ணன் பக்கத்தில் வண்டிக்காரர் நின்றிருந்தார். அந்நிய ஆள் முன்னால் இதை எப்படிச் சொல்வது. அண்ணி வாய்தான் அப்படி. கொட்டிக்கச் சொன்னவள் தட்டில் போட்டு மூடியும்தானே வைத்தாள். இதையும் செய்துவிடுவாள்.

"என்ன சொன்னா?"

"சரின்னாங்க."

சொல்லிவிட்டுப் பாலிஷ் டப்பாவோடு பின்னறைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மனைவி துடைப்பத்தோடு கீழே வந்தாள். கூட்டுகிறவள் என்று பேர் வாங்கியாயிற்று, கூட்டிக் காட்டுவோம் என்ற வீம்பு. பிளானரின் மூடி திறந்திருந்தது. தூசி விழுமே என்று அதைப் போட்டாள். ஸ்பேனரை எடுத்து ஆணியில் மாட்டினாள். அவர் இறுக்கியிருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, சொல்லித்தான் அனுப்பியாயிற்றே.

தச்சர் உள்ளே வந்தார். மூடி போட்டிருந்தது, ஸ்பேனர் ஆணியில் இருந்தது. அந்த ஒரு சொல்தான் வரவில்லை. பேசாதவள் எப்படிச் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு பிளக்கைச் செருகினார்.

புது பிளேடு போட்டால் முதலில் பலகை இல்லாமல் வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது மிஷினுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அவர் பக்கவாட்டில், சுவிட்ச் அருகில் நின்றார். அவளோ பலகை நுழைகிற வாய்க்கு நேரெதிரே குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். நிற்கக் கூடாத இடம் என்று அவளுக்குத் தெரியும். அவரே வாயைத் திறந்து சொன்னால் நகரலாம் என்று இருந்தாள். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள்.

அவர் தங்கையைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். விரல் சுவிட்ச் மேல் இருந்தது.

"தள்ளி நில்லு."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாய்க்குள் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, மர அடுக்கின் பக்கம் ஒதுங்கினாள்.

சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் சத்தம் ஏறத் தொடங்கியது, ஏறி முடியவில்லை. உள்ளே ஏதோ உடைந்தது. மூடி எகிறி விழுந்தது. சுவரில் அறைந்தாற்போல் ஒன்று கேட்டது. அவர் சிவப்புப் பொத்தானைக் குத்தினார். உருளை அரைத்துக்கொண்டே சுற்றி, ஒருவழியாக நின்றது.

பிளேடின் பாதி, பிளைவுட் தடுப்பில் இடுப்பு உயரத்தில் செருகியிருந்தது. விரல் அகலம்தான் வெளியே தெரிந்தது. அதற்கு நேர் கீழே அவள் கூட்டி வைத்த மரச்சுருள் குவியல்.

"நீ இறுக்கலையா?"

"நீங்க இறுக்கலையா?"

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. கேள்வியே பதிலாக இருந்தது.

அவர் வந்து அவள் தோளைத் தொட்டார், கையைத் திருப்பிப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். எங்கும் படவில்லை என்றாள். சொன்ன பிறகுதான் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். அவர் உதடு அசைந்தது. அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பிளக் இன்னும் செருகியே இருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. போய்ப் பிடுங்கினாள். பிடுங்கிய கை அதை விடமாட்டேன் என்றது. ஒயரோடு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கை பாலிஷ் துணியோடு ஓடி வந்தாள். தடுப்பைப் பார்த்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

"அண்ணி மாட்டேன்னுதான் சொன்னாங்க. நான் சரின்னு சொல்லிட்டேன்."

தச்சர் கையை ஓங்கினார். எதற்கு ஓங்கினோம் என்று தெரியாதவர்போல் இறக்கிக்கொண்டார்.

"நான் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாமே," என்றாள் மனைவி. கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

"சண்டை பெருசாயிடும்னு பயந்தேன் அண்ணி."

பெரிதாகத்தான் ஆகியிருக்கும். அவர் வாசலிலிருந்து கத்தியிருப்பார், அவள் மாடியிலிருந்து கத்தியிருப்பாள், தெருவே வேடிக்கை பார்த்திருக்கும். யாராவது ஒருவர் திட்டிக்கொண்டே போல்ட்டை இறுக்கியிருப்பார்கள்.

எதிர்க்கடை டெய்லர் கழுத்தில் டேப்போடு எட்டிப் பார்த்தார். டயர் வெடித்ததா, புருஷன் பெண்டாட்டி வெடித்தார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தவர் தடுப்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். யார் பார்த்த வேலை இது என்றார், மெதுவாக.

"எப்பவும் இவதான் இறுக்குவா," என்றார் தச்சர். "இவ இறுக்கி ஒரு நாளும் அசைஞ்சதில்ல. இன்னிக்கு இவ இறுக்கல."

நாலு பேர் முன்னால் இதை அவர் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இப்போது காதில் விழுந்தது.

மிஷின் அருகில் போனாள். உருளையில் மற்ற பிளேடுகள் இன்னும் இருந்தன. ஒரு போல்ட்டை விரல் நுனியால் தொட்டாள். தொட்டதுமே சுற்றியது.

"பிளக் எங்க?" என்று அவர் அவளிடம் கேட்டார்.

"என் கையில."

"காட்டு."

காட்டினாள்.