நான்காம் தடத்தின் நேரம்

"எல்லாரும்தான் ஓடறாங்க, நீங்க ஏம்ப்பா என்னை மட்டும் பாக்கறீங்க?"

குருவி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளி மைதானத்தில் எட்டுக் குழந்தைகள் ஓடினார்கள், அவள் ஐந்தாவதாக வந்தாள். முதலில் வந்தது யார் என்று அப்பாவிடம் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது? அதுவும் தெரியவில்லை. அப்போதுதான் இப்படிக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தார்.

அவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெருவின் முனையில் ஒரு சிறிய கடை வைத்திருந்தார். முன்பக்கம் கண்ணாடிச் சட்டங்கள், திரைக்குப் பின்னால் எழுத்துப் பலகை, அதற்கும் பின்னால் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். காலையில் கடை திறந்ததும் ஒரு நிமிடம் கண்ணை மூடி, இன்றைக்கு யாருக்கும் தப்பாகக் காட்டிவிடக் கூடாது கடவுளே என்று வேண்டிக்கொண்டுதான் விளக்கைப் போடுவார். லென்ஸ் ஒரு பாகை திரும்பிப் போனாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். அப்படிப்பட்ட லென்ஸை அவரே உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்.

பத்து வயதில் குருவி ஓட்டப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். பந்தயங்களில் நேரம் எடுக்கப் பெற்றோர்களைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் ஸ்டாப்வாட்ச் பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஓட்டத்தைத் தொடங்கச் சுடும் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும், சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது. ஓடி வருபவரின் நெஞ்சு கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். தன் பிள்ளை ஓடும் தடத்துக்கு யாரும் நேரம் எடுக்கக் கூடாது. அவருக்கு நிதானமான கை என்று மைதானத்தில் பெயர்.

குருவிக்கு இப்போது பதினேழு. தூரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைக்காத இடம். பள்ளியில் மேற்படிப்புக்கு வழி சொல்லும் ஆசிரியை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "உன் மார்க் ரொம்ப நல்ல மார்க்தான். ஆனா அங்க விண்ணப்பம் போடற எல்லாருக்கும் அதே மார்க் இருக்கும். ஓட்டக் கோச் கையில ஒரு பட்டியல் இருக்கு பாரு, அதுல உன் பேர் வந்தா கதவு திறக்கும். வரலைன்னா மூட்டையில நீயும் ஒரு காகிதம்."

அந்தக் கோச்சிடம் இந்த வருடம் நூறு மீட்டருக்கு ஒரே ஒரு இடம். பன்னிரண்டு புள்ளி மூன்று நொடிக்குள் ஓடியிருக்க வேண்டும், நடுவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பெரிய பந்தயம் ஒன்றுதான் மீதி இருந்தது.

அன்று காலையிலிருந்தே மழை. மின்சாரக் கருவி நனைந்து நின்றுவிட்டது, கையால்தான் நேரம் எடுக்க வேண்டும் என்றார்கள். மண் தடம் சேறாகிக் கிடந்தது. அரையிறுதிக்குக் குருவி வந்து நின்றபோது, கால் வைத்து உந்தும் ஸ்டார்ட்டிங் பிளாக்கின் ஆணிகள் இளகி, மிதித்த மிதியில் அது பின்னால் வழுக்கியது. மறுபடி அடித்தார்கள். மறுபடி வழுக்கியது. ஓட்டத்தைத் தொடங்கத் துப்பாக்கிக்காரர் கையைத் தூக்கிவிட்டார். அப்போது முந்தின அரையிறுதியில் ஓடி முடித்து ஓரமாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். நெட்டை என்று கூப்பிடுவார்கள் அவளை. அந்தக் கோச்சின் ஒரே இடத்துக்குக் குருவிக்கு இருக்கும் ஒரே போட்டி அவள்தான்.

"தள்ளு, நான் ஏறி நிக்கறேன்" என்று போர்வையைக் கீழே போட்டுவிட்டு, பிளாக்கின் பின்பக்கம் இரண்டு காலாலும் ஏறி மழையில் நின்றாள். "ஓட்டக்காரியை மிதிச்சிடாதம்மா" என்றார் துப்பாக்கிக்காரர். "பிளாக்கைத்தான் சார் மிதிக்கிறேன். அவளை ஃபைனல்ல பாத்துக்கறேன்" என்றாள் நெட்டை. குருவி அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள்.

இறுதி ஓட்டத்தில் குருவிக்கு மூன்றாம் தடம், நெட்டைக்கு நான்காம் தடம். ஒவ்வொரு தடத்துக்கும் மூன்று பேர் நேரம் எடுத்தால் நடுவில் இருப்பது கணக்கு. மழையில் ஆள் வரவில்லை, இரண்டிரண்டு பேர்தான். இரண்டு கடிகாரம் வேறுபட்டால் அதிக நேரம் காட்டுவதையே எழுத வேண்டும் என்பது விதி. நான்காம் தடத்துக்குக் கண்ணாடிக்காரரும் பஸ் ஓட்டுநர் ஒருவரும் நின்றார்கள்.

புகை தெரிந்தது. இருவரும் அழுத்தினார்கள். ஐம்பது மீட்டர் வரை கண்ணாடிக்காரர் நான்காம் தடத்தைத்தான் பார்த்தார். பிறகு கண் பக்கத்துத் தடத்துக்குப் போய்விட்டது. அதை அவர் அனுப்பவில்லை, அது தானாகப் போனது. குருவி பல்லைக் கடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. அவள் நெஞ்சு கோட்டைத் தொட்ட நொடியில் அவர் கட்டைவிரல் அழுந்தியது. அதற்கு முன்பே, ஓர் ஆள் நீளத்துக்கு முன்னால், நெட்டை கோட்டைத் தாண்டிப் போயிருந்தாள்.

நடுவர் குடையோடு வந்து இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். "என்னய்யா இது? ஒண்ணு பன்னிரண்டு, இன்னொண்ணு பன்னிரண்டு மூணு. எது சரி?"

பஸ்காரர் தன் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். "கண்ணாடிக்காரர் கைதான் நிதானமான கை சார். அவருதே சரியா இருக்கும்."

"என்ன, உறுதிதானே?"

"ஆமா" என்றார் கண்ணாடிக்காரர்.

முதலிடம் நெட்டைக்கு, இரண்டாமிடம் குருவிக்கு. தாளில் இருவருக்கும் ஒரே நேரம், பன்னிரண்டு புள்ளி மூன்று.

பதினோரு நாள் கழித்துக் கோச்சின் மின்னஞ்சல் வந்தது. இருவர் நேரமும் சமமாக இருக்கிறது, படிப்பில் உங்கள் மகள் முன்னால் இருக்கிறாள், வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுதி அனுப்பினால் பட்டியலில் அவள் பெயரைச் சேர்ப்பேன் என்று இருந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் குருவியின் அம்மா அதை மூன்று தடவை உரக்கப் படித்தாள். குருவி ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. களைப்பு என்றாள். கண்ணாடிக்காரர் தட்டில் இருந்ததைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அவரால் கடையில் கண்ணை மூடி வேண்டிக்கொள்ள முடியவில்லை. விளக்கை மட்டும் போட்டார்.

புதன்கிழமை மத்தியானம் பஸ்காரர் கடைக்குள் வந்தார். சீருடை போடவில்லை.

"என்ன, இன்னைக்கு லீவா?"

"மூணு நாளா லீவுதாங்க. டிப்போவுல நானே கேட்டு வாங்கிட்டேன். கண்ணை ஒரு தடவை பாத்துடுங்க. அன்னைக்கு அந்தப் பொண்ணு கோட்டைத் தாண்டினதை நான் புள்ளி மூணு நொடி முன்னாடியே பாத்திருக்கேன்னா, இல்லாததைப் பாத்திருக்கேன்னுதானே அர்த்தம்? நாளைக்கு ரோட்டுல குறுக்க ஒரு குழந்தை வந்து, நான் அதை வேற இடத்துல பாத்தேன்னு வைங்க..." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "வீட்டுல சிரிக்கிறா. பொண்டாட்டியை மட்டும் சரியாத் தெரியுதான்னு கேக்கறா."

கண்ணாடிக்காரர் அவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார். ஒரு கண்ணை மூடச் சொன்னார். கடைசி வரி வரை படித்தார் பஸ்காரர். மற்றக் கண்ணிலும் கடைசி வரி. அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடியாக இருக்கும். அதையும் படித்துவிட்டு, "இதுவும் படிக்கணுமா?" என்றார்.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லை."

"அப்ப வாட்ச்தான் கெட்டுப்போச்சா?"

கண்ணாடிக்காரர் கையிலிருந்த சிறிய டார்ச்சை அணைத்தார். "வாட்சும் கெடலை. நான்தான் கெட்டுப்போனேன். நான் அந்தப் பொண்ணைப் பாக்கவே இல்லை. என் பொண்ணைப் பாத்து நிறுத்திட்டேன். தெரிஞ்சும் ஆமான்னு சொன்னேன்."

பஸ்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கோபப்படவில்லை. "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "நான் நாளைக்கு வண்டி எடுக்கலாம், இல்ல?" என்று கேட்டார்.

"தாராளமா எடுங்க."

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். குருவியின் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க, வேணும்னு பண்ணீங்களா? இல்லையே? கை தவறிடுச்சு. உலகத்துல யார் கைதான் தவறலை? நான் மாத்திரை மாத்திக் குடுத்தா ஓடிப்போய்த் திருத்துவேன், உசுரு போகும். இதுல யார் உசுரு போச்சு?"

"மாத்திரையை மாத்திக் குடுத்துட்டு, சரியாத்தான் குடுத்தேன்னு சொன்ன மாதிரிம்மா இது."

"நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை. வாயை மூடிட்டு ரெண்டு நாள் இருக்க முடியாதா உங்களால?" சொல்லிவிட்டு அவளே முகத்தை மூடிக்கொண்டாள்.

குருவி, "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "எனக்கு முன்னாடி அவ முதுகு முழுசாத் தெரிஞ்சுது. ஒரே நேரம்னு எழுதினப்ப தப்புன்னு தெரியும். யாரோ தப்புப் பண்ணிட்டாங்க, நமக்கென்னன்னு இருந்தேன். அந்த யாரோ நீங்கன்னு தெரியாது."

"கண்ணு..."

"சின்ன வயசுல கேட்டேனே, ஏன் என்னை மட்டும் பாக்கறீங்கன்னு. அன்னைக்கே நிறுத்தியிருக்கலாம்ல? சொல்றதா இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்ப அந்த மெயில் வந்து, நான் அந்த ரூம், அந்த மைதானம், எல்லாத்தையும் மனசுல பாத்து முடிச்சதுக்கு அப்புறம் சொல்றீங்க." அவள் அழவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாள்.

அறைக் கதவுக்கு வெளியே அவர் வெகு நேரம் நின்றார். பிறகு கதவைப் பார்த்தே கேட்டார்: "நான் நடுவர்கிட்ட போகட்டுமா?"

உள்ளிருந்து குருவியின் குரல் வந்தது. "என்னைக் கேட்டா போகாதீங்கன்னுதான் சொல்லுவேன். என்னைக் கேக்காதீங்க."

வியாழக்கிழமை காலை அவர் போனார். நடுவர் ஒரு பள்ளியின் உடற்பயிற்சி அறையில், பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் எழுதி வந்த தாளைக் கொடுத்தார். நான்காம் தடத்துக்கு என் கடிகாரம் காட்டிய நேரம் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று இருந்தது.

நடுவர் இரண்டு முறை படித்தார். "உமது போச்சுன்னா பஸ்காரர் வாட்ச் ஒண்ணுதான் மிச்சம். நெட்டைக்குப் பன்னிரண்டுன்னு திருத்தணும். யாருக்கு என்ன போகும்னு தெரிஞ்சுதானே வந்தீர்?"

"தெரிஞ்சுதான் வந்தேன்."

"இனிமே உம்ம கையில வாட்ச் குடுக்க மாட்டேன்."

"வேண்டாங்க."

நடுவர் கையெழுத்துப் போட்டார். பிறகு, என்ன தோன்றியதோ, தன் தேநீரில் பாதியை இன்னொரு கோப்பையில் ஊற்றி அவர் பக்கம் தள்ளினார். இருவரும் குடித்தார்கள். அந்த அரைக் கோப்பை தேநீரைக் கண்ணாடிக்காரர் நெடுநாள் மறக்கவில்லை. இரக்கம் அவ்வளவு சிறிதாகத்தான் வரும், கவனிக்காதவர் தவறவிட்டுவிடுவார்.

கோச்சின் பதில் இரண்டு வரிதான். திருத்தியதற்கு நன்றி. அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறேன், நான்காம் தடத்துப் பெண் நேரம் எடுக்கும் என் கருவி முன்னால் ஒரு முறை ஓடிக் காட்டட்டும், அதே நேரத்தில் ஓடிவிட்டால் இடம் அவளுக்கு. குருவியின் விண்ணப்பம் மற்ற ஆயிரங்களோடு மூட்டைக்குள் போயிற்று. முடிவு வர மூன்று மாதம் ஆகும். கிடைக்குமா என்று கேட்டதற்கு ஆசிரியை தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டில் குருவி அப்பாவோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள். அவர் கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் குடித்தாள். கடையில் அவர் மறுபடி கண்ணை மூட ஆரம்பித்திருந்தார். ஆனால் வேண்டிக்கொள்ள வார்த்தை வரவில்லை, மகளின் முகம்தான் வந்தது.

கோச் வரவேண்டிய நாளுக்கு முந்தின நாள் மழை பெய்தது. மறுநாள் விடியும்போது வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குருவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, போட்டுக்கொண்டு நடந்தாள்.

கோச் முன்னால் நெட்டை ஓட வேண்டிய மைதானத்தில் அப்போது யாரும் இல்லை. கம்பி வேலியின் பின்பக்கத்துக் கதவு எப்போதும்போல முழுதாகச் சாத்தாமல் நின்றது. சாமான் கொட்டகையின் சாவி எந்தச் செங்கல்லுக்கு அடியில் இருக்கும் என்று ஓடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பிளாக், நீள ஆணிகள், சுத்தியல், ஒரு சாக்கில் உலர்ந்த மண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நான்காம் தடத்துக்குப் போனாள்.

சேற்றைக் கையால் வழித்து எறிந்தாள். உலர்ந்த மண்ணைக் கொட்டி மிதித்தாள். நெட்டைக்கு முன்கால் கோட்டிலிருந்து இரண்டடிக்குச் சற்று உள்ளே, பின்கால் இன்னொரு அடி தள்ளி. ஏழு வருடம் பக்கத்துத் தடத்தில் இருந்து பார்த்த அளவு. பிளாக்கை வைத்து ஆணிகளை ஒவ்வொன்றாக அடித்தாள். ஓர் ஆணி வளைந்தது. பிடுங்கிவிட்டு வேறு ஆணி அடித்தாள்.

பிறகு தானே குனிந்து கால் வைத்து, முழுப் பலத்தோடு உந்திப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொரு முறை உந்தினாள். அசையவில்லை.

சுத்தியலைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தாள். சாவியைச் செங்கல்லுக்கு அடியில் வைத்தாள். தன் காலடித் தடங்களைக் கையால் நிரவிவிட்டு, யாரும் வருவதற்கு முன்னால் பின்பக்கத்துக் கதவு வழியே வெளியே போனாள்.