ஒரே கைப்பேசி எண்

வேல்சாமி கொத்தனார் தன் கைப்பேசியை மேசைமேல் ஷிஜாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

"எல்லாருக்கும் மெசேஜ் வந்தாச்சு மோளே. வரிசையா கெடக்கு பாரு."

ஷிஜா பார்த்தாள். குறுஞ்செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எல்லாவற்றிலும் விண்ணப்ப எண் ஒன்றேதான்.

ஆரியசாலைச் சந்தில், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் அந்தக் கடையில்தான் அவளுக்கு வேலை. மழைக்கு முன்னால் கட்டிட வேலைக்காரர்களின் தகரக் கொட்டகைகளை இடிக்கப்போகிறார்கள். அந்தக் குடும்பங்கள் புதுக் குடியிருப்பில் அறை கேட்டு விண்ணப்பிக்க இன்று ஐந்து மணிதான் கெடு. ஒவ்வொன்றாக நிரப்பி மாளாது என்று அவளே கணினியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். விவரங்களை எக்செலில் அடித்துக் கொடுத்தால் போதும். தானே பெட்டிகளை நிரப்பி, தானே அனுப்பிவிட்டு, அடுத்த ஆளுக்குப் போகும். மதியம் அதை ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கும் 'அனுப்பப்பட்டது' என்று பச்சை எழுத்து வந்தது. கையால் அடித்திருந்தால் இரண்டாவது படிவத்திலேயே தப்பு கண்ணில் பட்டிருக்கும்.

எல்லாரும் கொடுத்திருந்தது வேல்சாமியின் எண். கேஸ் இணைப்போ ஆஸ்பத்திரிச் சீட்டோ, அவர் எண்ணைத்தான் சொல்வார்கள். அவர் போனில்தான் எப்போதும் ரீசார்ஜ் இருக்கும். இணையதளத்துக்கு அதெல்லாம் தெரியாது. ஓர் எண் என்றால் ஓர் ஆள். அதே எண்ணில் அடுத்த படிவம் வந்தால், திருத்தம் என்று எடுத்துக்கொண்டு முந்தையதை அழித்துவிடும். முதலில் போனது வேல்சாமியுடையது. கடைசியாகப் போன சித்தாள் மாடம்மாளுடையது மட்டும்தான் மிச்சம்.

சொல்லாமல் இருந்துவிடலாம். பச்சை எழுத்து சாட்சிக்கு இருக்கிறது. அந்த நினைப்பு வந்து போகும்வரை அவள் நிமிரவில்லை.

"மாமா, நான் தப்பு பண்ணிட்டேன்."

அவர் சத்தம் போடவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, வேறு எண் இருந்தால் மறுபடி போடலாமா என்று மட்டும் கேட்டார். அடுத்த சந்தில்தான் வேலை நடந்தது. போன் வைத்திருந்தவர்கள் சிமென்ட் காலோடு ஓடிவந்தார்கள். இந்த முறை ஷிஜா கையாலேயே அடித்தாள். தளம் இழுத்து இழுத்துத் திறந்தது. போன் இல்லாத செல்வமணிக்குத் தன் எண்ணைப் போட்டாள். பக்கத்துக் கடைகளில் வேல்சாமி கேட்டுப் பார்த்தார். அரசாங்கக் காரியத்துக்கு யார் நம்பர் தருவார்கள்?

கடைசியில் அவர் ஒருவர்தான் மிஞ்சினார்.

"உங்க நம்பர்ல உங்க பேரைப் போட்டா மாடம்மா அக்காளோடது போயிரும் மாமா. அக்காகிட்டயும் போன் கெடையாது."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

வேல்சாமி தாடையைத் தடவினார். "எம் பேரு போய் அவ பேரு நின்னுருக்கு. என்ன?"

ஷிஜா ஆமென்று தலையசைத்தாள். அப்போது வாசலில் மாடம்மாளின் குரல் கேட்டது.

"கொத்தனாரே, எல்லாரும் இங்க வந்து நின்னா அங்க கலவைய யாரு அள்ளுவா? ஒமக்க மாமனா?"

வழக்கமாக இதற்கு அவர் சுடச்சுட ஏதாவது சொல்வார். இன்று திரும்பி அவளைப் பார்த்தார். அவள் சாந்துச்சட்டியைப் படியில் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து, குதிகாலில் காய்ந்த சிமென்ட்டை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

ஷிஜா அவருடைய படிவத்தை நிரப்பி நிறுத்தியிருந்தாள். ஐந்தடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. கைப்பேசி எண்ணுக்கான பெட்டி மட்டும் காலி. அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கோடு வந்து வந்து மறைந்தது. வேல்சாமி குனிந்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.