வெட்டு உத்தரவு

கொடுவாள் இறங்கியபோது சென்றாயன் கையை முகத்துக்கு நேரே தூக்கியிருந்தார். அதனால் தலை தப்பியது. இடதுகையின் இரண்டு விரல்கள் சர்க்கரை ஆலை எடைமேடையின் இரும்புத் தகட்டில் போய் விழுந்தன. கணினி அறையின் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நின்ற பாக்கியமேரிக்கு எதுவும் கேட்கவில்லை. ஏ.சி. இரைச்சல் காதை அடைத்திருந்தது. சென்றாயன் வாய் திறந்தபடி மண்டியிட்டு விழுவது மட்டும் தெரிந்தது.

வெட்டியவர் மாரப்பன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கரும்பு விவசாயி. அவர் பின்னால் நின்றவர்கள் அதற்குப் பிறகும் விடவில்லை. விழுந்தவரின் விலாவிலும் வாயிலும் மிதித்தார்கள். வாட்ச்மேன்கள் கரும்புக் கழிகளால் அடித்து விலக்கி, அவரை ஜீப்பில் தூக்கிப் போட்டுத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்கள்.

சென்றாயன் ஆலையின் ஃபீல்டுமேன். யார் எந்தத் தேதியில் கரும்பு நட்டார்கள் என்று வயல் வயலாகப் போய்ப் பார்த்து எழுதி வருவது அவர் வேலை. அந்தத் தேதிகளைக் கணினியில் ஏற்றி வரிசைப்படுத்துவது பாக்கியமேரியின் வேலை. முன்னால் நட்டவனுக்கு முன்னால் வெட்டு உத்தரவு, அதாவது கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பும் அனுமதி. காலையில் பலகையில் ஒட்டிய பட்டியலில், ஜனவரியில் நட்ட மாரப்பன் பெயர் கீழே கிடந்தது. மார்ச்சில் நட்ட பச்சியப்பன் பெயர் மேலே இருந்தது. மாரப்பன் தோட்டத்தில் கரும்பு பூத்து, தோகை காய்ந்து, எடை இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாதம் நின்றால் அடுப்புக்குத்தான் ஆகும். ஃபீல்டுமேன் பச்சியப்பனுக்கு விலைபோய்விட்டான் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது.

பாக்கியமேரி மாரப்பனின் பதிவைத் திரையில் வரவழைத்தாள். 5-1-88. பச்சியப்பன், 2-3-88. சென்றாயன் எழுதிக் கொடுத்ததும் அதுதான், அவள் ஏற்றியதும் அதுதான். ஜனவரி ஐந்தாம் தேதி எப்படி மார்ச் இரண்டுக்குப் பின்னால் போகும்?

மே ஒன்று என்று படித்தால் போகும். மாதத்தை முதலில் வைத்துப் படித்தால் பச்சியப்பனுடையது பிப்ரவரி மூன்று.



போன பருவம்வரை பட்டியல் ஆங்கிலத்தில்தான் வந்தது. தங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, தமிழில் வேண்டும் என்று விவசாயிகள் கேட்டார்கள். சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்த பாக்கியமேரிக்கும் அதைச் செய்து பார்க்க ஆசையாக இருந்தது. எந்த நிரலும் ஒண்டியாக ஓடாது. யாரோ முன்பே செய்துவைத்த துண்டுகளை லைப்ரரிகளிலிருந்து எடுத்துச் சேர்த்துக் கட்ட வேண்டும். வரிசைப்படுத்த ஒரு லைப்ரரி ஏற்கெனவே இருந்தது, பெங்களூரில் எழுதியது. தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியாக அச்சடிக்க வெளிநாட்டு லைப்ரரி ஒன்றைப் புதிதாக வாங்கினார்கள். இரண்டுக்குள்ளும் தேதி பார்க்கும் துண்டு ஒன்று இருந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர். கட்டும்போது, இந்தப் பெயர் இரண்டு தடவை வருகிறது என்று கணினி முரண்டுபிடித்தது. அவள் புது லைப்ரரியை முன்னால் போட்டுப் பார்த்தாள். முரண்டு நின்றது. தமிழ் எழுத்து அழகாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில், வரிசைப்படுத்தும் வேலையும் இனி மாதத்தை முதலில் வைக்கும் வெளிநாட்டுத் தேதியைத்தான் நம்பும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

ஆபீஸ் மேனேஜர் அருள்நாதன் உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். சட்டைக் காலர் கிழிந்திருந்தது.

"சார், சென்றாயன் மேல தப்பு இல்ல. புரோகிராம்ல தப்பு. நான் பண்ணதுதான்."

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். "இத வெளிய சொன்னா மெஷின ஒடப்பாங்க. அப்புறம் உன்ன ஒடப்பாங்க. வாய மூடிக்கிட்டு இரு."

"ரெண்டு விரல் போச்சுங்க சார்."

"போனது போச்சு. இருக்கறவங்க உசிரப் பாக்கணும்."

அவர் வெளியே போனார். வாசலில் நின்று ஒலிபெருக்கியில் பேசியது உள்ளேயும் கேட்டது. சென்றாயன் வேலையை விட்டு நீக்கப்பட்டுவிட்டான், எல்லாரும் கலைந்து போங்கள் என்றார். கூட்டம் அடங்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். கூட்டத்துக்கு அது சாட்சியாகிவிட்டது. ஒரு கல் வந்து சன்னல் கண்ணாடியை உடைத்தது. உடைந்த வழியாக மாரப்பனின் தம்பி கிருஷ்ணப்பனின் குரல் தெளிவாக வந்தது.

"அவன் வூட்டுக்கு வுடுங்கடா டிராக்டர. ஒரு செவுரு நிக்கக் கூடாது."

பாக்கியமேரி கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். படியில் நின்று, சென்றாயன் தப்பு செய்யவில்லை என்று கத்தினாள். யாரும் காது கொடுக்கவில்லை. எங்கிருந்தோ வந்த கல் அவள் புருவத்தைப் பிளந்தது. டிராக்டர் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. மாரப்பன் மட்டும் ஒரு சிறு கும்பலோடு வாசலில் நின்றார். கையில் கொடுவாள் அப்படியே இருந்தது.

"கம்ப்யூட்டரம்மா, சும்மா கத்தாத. எழுத்துல காட்டு. காட்டுனா நம்பறன்."

அவள் திரும்பி ஓடினாள். பழைய லைப்ரரியை முன்னால் போட்டுக் கட்டினாள். மறுபடி அதே முரண்டு. மீறிக் கட்டி ஓட்டியபோது வரிசை சரியாக வந்தது, அச்சு எந்திரம் முதல் வரியிலேயே செத்தது. புது லைப்ரரிக்குத் தன் தேதித் துண்டு இல்லாமல் மூச்சு விட முடியவில்லை. தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் அடிக்கலாம். ஆனால் வெளியே நிற்பவர் படித்துப் பார்த்துத்தான் நம்புவார்.

இன்னொரு கல் ஏ.சி. மேல் விழுந்தது. இரைச்சல் நின்றது. புருவத்து ரத்தம் கண்ணில் இறங்கி, விசைப்பலகையில் சொட்டியது. அவள் முந்தானையால் அழுத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது. அப்படியானால் ஏன் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டும்?

அவள் நிரலை நடுவில் அறுத்தாள். முன்பாதி பழைய லைப்ரரியோடு மட்டும் சேரும். தேதிப்படி வரிசைப்படுத்தி ஒரு கோப்பில் எழுதிவிட்டு முடிந்துவிடும். பின்பாதி புது லைப்ரரியோடு மட்டும் சேரும். அந்தக் கோப்பை வந்த வரிசையிலேயே எடுத்து அச்சடிக்கும். தேதியைத் தொடாது. இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டியதில்லை. முதல் பாதி ஒரு எழுத்துப்பிழையால் நின்றது. அவள் அழுதுகொண்டே திருத்தினாள். இரண்டாவது தடவை முரண்டில்லாமல் கட்டி முடிந்தது. பின்பாதி ஒரே தடவையில் கட்டி முடிந்தது. அச்சு எந்திரம் கரகரவென்று அரைக்கத் தொடங்கியது.

தாளைக் கிழித்துக்கொண்டு வாசலுக்குப் போனபோது வாட்ச்மேன் தடுத்தார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டுப் போனாள்.

மாரப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் பெயர் மூன்றாவதாக இருந்தது.

"பயந்துக்கிட்டு இப்ப மாத்தி அடிச்சிருப்பீங்க."

"உங்க பேர உடுங்க. உங்க ஊருக்காரங்க யார் எப்ப நட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஒவ்வொண்ணா பாருங்க."

அவர் விரலை ஓட்டிப் படித்தார். குள்ளம்மாள், பொங்கலுக்கு முன்னால் நட்டவள். முனியப்பன், பொங்கல் கழிந்து நட்டவன். பச்சியப்பன் அவர்களுக்கெல்லாம் கீழே. அவர் விரல் வழியே சென்றாயனின் ரத்தம் தாளில் கோடிழுத்துக்கொண்டு போனது.

"அப்ப அவன் எழுதுனது?"

"அவர் எழுதுனது சரிங்க. நான் கட்டுனதுதான் தப்பு."

கொடுவாள் அவர் கையில் ஒருமுறை ஏறி இறங்கியது. பாக்கியமேரி நகரவில்லை. அவர் முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

"ஏறும்மா. நான் சொன்னா மட்டும் கேக்க மாட்டானுங்க."

சித்தேரி மலையடிவாரத்தில் சென்றாயனின் வீடு. தூரத்திலேயே புகை தெரிந்தது. வைக்கோல் போரும் அதையொட்டிய மாட்டுக் கொட்டகையும் எரிந்துகொண்டிருந்தன. கொட்டகைக்குள் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுக்க முடியாமல் சுற்றிச் சுற்றி அலறியது. சென்றாயன் மனைவி பாஞ்சாலி, வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு உலக்கையோடு நின்றாள். நெற்றியில் ரத்தம். உள்ளே குழந்தைகளின் அழுகை. கிருஷ்ணப்பன் இரும்புக் கம்பியோடு அவளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

மாரப்பன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி நடுவில் விழுந்தார். "நிறுத்துடா. அவன் மேல தப்பு இல்ல."

ஓங்கிய கம்பி நிற்கவில்லை. அண்ணனின் தோள்பட்டையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பாக்கியமேரிக்குக் கேட்டது. மாரப்பன் மற்றக் கையால் கொடுவாளின் தட்டைப் பக்கத்தைத் தம்பியின் தாடையில் அறைந்தார். கிருஷ்ணப்பன் பல் தெறிக்க மண்ணில் உட்கார்ந்தான். கூட்டம் திகைத்து நின்றது.

பாஞ்சாலிக்கு எதுவும் தெரியாது. புருஷனை வெட்டியவன் முதுகைக் காட்டி நிற்கிறான் என்பதுதான் தெரிந்தது. உலக்கையைத் தூக்கி அந்த முதுகில் போட்டாள். மறுபடியும் போட்டாள். மாரப்பன் திரும்பவில்லை, விலகவில்லை. முழங்காலில் சரிந்த பிறகும் வாசலைவிட்டு நகரவில்லை.

பாக்கியமேரி கையிலிருந்த தாளை விரித்து, வரிசையாகப் பெயர்களை உரக்கப் படித்தாள். குரல் உடைந்தது. மீண்டும் முதலிலிருந்து படித்தாள். ஒருவன் கழியைக் கீழே போட்டான். இன்னொருவன் போய் மாட்டுக் கயிற்றை அறுத்துவிட்டான். கொட்டகை பொத்தென்று விழுந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் அவள் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். அருள்நாதன் வேண்டாம் என்று கெஞ்சினார், பிறகு மிரட்டினார். அந்த வாக்குமூலத்தால் சென்றாயனின் வேலைநீக்கம் ரத்தானது. அவளை ஆலை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. மாரப்பன் கட்டுப்போட்ட தோளோடு சேலம் ஜெயிலுக்குப் போனார். அவர் மனைவி ராமக்காள், தங்கள் முறை வந்தபோது ஆள் வைத்துக் கரும்பை வெட்டி அனுப்பினாள்.

ஒரு மதியம் பாக்கியமேரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். சென்றாயனின் கையில் கட்டு பெரிதாக இருந்தது. தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பாஞ்சாலி எழுந்து நின்றாளே தவிர, உட்காரச் சொல்லவில்லை.

"ரெண்டு லைப்ரரிலயும் ஒரே பேரு இருந்துச்சுங்க. கம்ப்யூட்டர் சொல்லுச்சு. நான்தான் சட்டை பண்ணல."

 சென்றாயன் பல்லுக்கிடையில் பேசினார். "என்னா சொல்றீங்கன்னு எனக்குப் புரியல. நான் எழுதுனது சரின்னு போலீஸ்ல சொன்னீங்களாமே."

"சொன்னன்."

"அது போதும். இனிமே வராதீங்க. உங்களப் பாத்தா எனக்குக் கை எரியுது."

அவள் வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டி நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் எங்கே என்று கேட்டபோது, சேலம் என்று சொல்லிக் காசை நீட்டினாள்.