அரைப்பேர் மலை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கொடியின் கரையிலிருந்து கிடைத்தது. ஹட்டனில் சரிபுதீன் முதலாளியின் துணிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தேன். தோட்ட மக்கள் மகாசபை என்ற கட்சிக்குக் கொடி தைப்பது என் பிழைப்பில் பாதி. வெள்ளைத் துணி, நடுவில் தேயிலையின் இரண்டிலை ஒரு மொட்டு, சுற்றிலும் நாலு விரல் கரை. வெள்ளையும் கொழுந்தும் கட்சியுடையவை. கரை மட்டும் கூட்டாளியுடையது. கொழும்பில் பச்சைக் கட்சியோடு சேர்ந்தால் பச்சைக் கரை, நீலக் கட்சியோடு சேர்ந்தால் நீலக் கரை, இடையில் கொஞ்ச காலம் சிவப்பு. பழைய கரையைப் பிரிக்காமல் அதன் மேலேயே புதியதைத் தைத்துவிடுவேன். திரும்பவும் தேவைப்படாது என்று யார் கண்டது? நாளாக ஆகச் சில கொடிகளின் ஓரம் மெத்தையாகிவிட்டது. காற்றில் பறக்காது. தலைக்கு வைத்துக்கொள்ள அருமையாக இருக்கும்.

(மகாசபையைச் சரித்திரத்தில் தேடவேண்டாம். அதுவும் நான் தைத்ததுதான். வருடமும் சொல்லப்போவதில்லை. நாற்பத்தெட்டில் வந்த சட்டம் தோட்டத்து ஆட்களை நாடில்லாதவர்கள் ஆக்கியதற்கும், அறுபதுகளின் நடுவில் இலங்கை, இந்தியா என்ற இரண்டு அரசாங்கங்கள் அவர்களைப் பங்கு பிரித்துக்கொண்டதற்கும் இடையில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: ‘பனி மூடிய ஊசிமலைத் தோட்டத்தில் ஒரு காலைப் பொழுது, பறவைகள் மெல்ல’

வேண்டாம். பறவைகளுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘ஓட்டே இல்லாத மக்களின் கட்சியொன்று நாடாளும் கட்சிகளோடு மாறிமாறிக் கூட்டுச் சேர்ந்த விந்தையை அரசியல் அறிந்தோர் எவ்வாறு விளக்குவரெனில்’

அவர்கள் விளக்கட்டும். நான் வாயைப் பிளந்து பார்த்ததை எழுதுகிறேன்.

மூன்றாம் தொடக்கம்: ராக்காயியை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

இது நிற்கும். நாற்பத்தேழாம் வருடத் தேர்தலில், ஓட்டுச்சாவடியில், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி பட்டியலைப் பார்த்து, “ராக்காயி, முத்துலிங்கத்தின் மகள்” என்று கூப்பிட்டார். ஊசிமலையில் கொழுந்தெடுக்கும் ராக்காயி அதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

“காலையில பெரட்டுல ஆளுக்கணக்கு எடுக்கக் கூப்பிட்டா மலைக்கு ஏறணும். தொரை கூப்பிட்டா ஏச்சு வாங்கணும். அன்னைக்கு அந்த ஐயா கூப்பிட்டது, ‘உனக்கு யாரு வேணும்’னு கேக்கிறதுக்கு. என் பொறந்த காலத்துல ஒருத்தரு அப்பிடிக் கேட்டதில்ல, டைலரண்ணே.”

அதற்கு அடுத்த தேர்தலுக்குள் சட்டம் வந்து பட்டியலில் அவள் பேரை வெட்டிவிட்டது. இங்கே ஒரு சொல்லை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் கூலி. கணக்கப்பிள்ளை பேர் போட்டால் அன்றைய கூலி உண்டு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். ஆகவே ‘பேரை வெட்டிட்டாங்க’ என்ற செய்தி வந்ததும் ஊசிமலை முழுவதும் கூடையோடு ஆபீசுக்கு முன்னால் போய் நின்றது. நாங்கள் கொழுந்து குறைக்கவில்லையே என்று கேட்டது. கணக்கப்பிள்ளை தலையில் கைவைத்து, “ஐயோ, இது அந்தப் பேரு இல்ல, ஓட்டுப் பேரு” என்று விளக்கினார்.

ராக்காயி விடவில்லை. “எந்தப் பேர வெட்டுனாலும் வெட்டுற கத்தி ஒண்ணுதானுங்களே?”

அவளுக்கு வேண்டியது இந்தக் கதை முழுவதிலும் ஒன்றேதான்: அந்தப் பேர் திரும்ப வேண்டும். முழுசாக.

3

கந்தப்பன்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ராக்காயியின் தம்பி. ஊசிமலையில் மகாசபையின் தலைவர். முதல் பிரதியில் அவனை வில்லனாக எழுதி, அதற்கேற்ற மீசையும் வைத்தேன். பிறகு மீசையை எடுத்தேன். எடுத்ததும் முகத்தில் களைப்பு தெரிந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

கூட்டணி மாறும்போதெல்லாம் அதை லயத்து வரிசை வீட்டு மக்களுக்கு விளங்கப்படுத்துவது அவன் பொறுப்பு. அக்கா வீட்டில்தான் தொடங்குவான்.

“அக்கா, இனி நாங்க நீலக்காரங்களோட சேந்துட்டோம்.”

“போன மாசம் பச்சைக்காரரு தெய்வம்னியேடா?”

“அது போன மாசம்.”

“தெய்வத்தையும் கைக்காசு ஆளாத்தான் எடுக்கிறீங்களா?” *

“ஓட்டு இல்லாத ஆளுங்கக்கா நம்ம. அடுத்தவன் தோள்ல ஏறி நின்னுதான் எட்டிப் பாக்கணும். ஒரு தோளு சாஞ்சா இன்னொரு தோளு.”

“சரி, ஏறிப் பாத்தியே, என் பேரு தெரிஞ்சுச்சா?”

கந்தப்பன் தேத்தண்ணியை ஊதிக் குடித்தான். ஆறிப்போன தேத்தண்ணி.

* கைக்காசு: அன்றைக்கு எடுக்கும் கொழுந்துக்கு அன்றைக்கே காசு, அதோடு உறவு முடிந்தது. தெய்வத்துக்கு இது பொருந்துமா என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும்.

ஓட்டில்லாத ஆட்களின் தோளை இரண்டு பெரிய கட்சிகளும் ஏன் தேடி வந்தன? நான் பல காலம் யோசித்தேன். ஓட்டு இல்லை, ஆனால் கொழுந்து இவர்கள் விரலில் இருந்தது. நாட்டுக்கு அரிசி வந்ததும் மோட்டார் கார் வந்ததும் அந்த விரல்களின் வழியாகத்தான். அவர்கள் கூடையை இறக்கி வைத்தால் கொழும்பில் பெரிய பெரிய மேசைகள் ஆடும். மேசை ஆடாதிருக்க, பெரிய மனிதர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு மலை ஏறினார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. யாரைப் பார்த்து என்பதுதான் தெரியவில்லை. மலையைப் பார்த்துக் கூப்பிவிடுகிறேன்.

4

பச்சைக் கட்சியின் பெரியவர் ஊசிமலைக்கு வருகிறார் என்று பச்சைக் கரை தைத்தேன். கொடிகளோடு லொறி மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது கொழும்பில் கூட்டணி மாறிவிட்டது. வந்து இறங்கியவர் நீலக் கட்சியின் பெரிய மாத்தயா (சிங்களத்தில் ஐயா).

கந்தப்பன் என்னைத் தனியே இழுத்தான். “டைலரண்ணே, கம்பத்துல என்னா கரை தொங்குது?”

“பனி விலகுற வரைக்கும் எல்லாக் கரையும்தான் தலைவரே.”

மூடுபனி அப்படி. கம்பத்தை நட முயன்றவர்கள் குழி தோண்ட மறந்துவிட்டார்கள். ஆனாலும் அது நின்றது. பனி பிடித்துக்கொண்டிருந்தது. (உங்களுக்குச் சந்தேகமென்றால் கொத்மலைப் பக்கம் போய்க் கேளுங்கள். அங்கே இதைவிடப் பெரிய பொய் சொல்வார்கள்.)

மாத்தயா சிங்களத்தில் பேசினார். சரிபுதீன் முதலாளி தமிழில் சொன்னார். எதிரே யாரும் தெரியாததால், பத்துப் பதினைந்து பேர் வந்திருப்பார்கள் என்று மாத்தயா நினைத்துவிட்டார். அதனால் ஊர் அறிய அறிவிக்கத் தயங்கியதை வீட்டுப் பேச்சுப்போலச் சொன்னார்: “நம் பாகயக்.” சிங்களத்தில் நம் என்றால் பேர், பாகயக் என்றால் பாதி. உங்கள் பேர்களில் பாதியைப் பதிந்து தருவோம், மீதிப் பாதி கடல் தாண்டிப் போகட்டும் என்பது அதன் பொருள்.

முதலாளி தொண்டையைச் சரிசெய்துகொண்டு உரக்கச் சொன்னார்: “அரைப்பேர் தருவாங்களாம்!”

பனிக்குள்ளிருந்து ராக்காயியின் குரல் வந்தது.

“மாத்தயாகிட்டக் கேளுங்க, சரிபுதீன் நானா. எந்த மலையில நாங்க கொழுந்து கொறச்சோம்?”

முதலாளி அதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்கும் பனி விலகுவதற்கும் சரியாக இருந்தது. மாத்தயா நிமிர்ந்தார். மைதானம் நிறைய, அதற்கு மேலே றோட்டு நிறைய, அதற்கும் மேலே தேயிலை நிரைகளுக்குள், மலை உச்சியின் விளிம்பு வரைக்கும் ஆட்கள். கம்பளிக்குள் கைக்குழந்தைகள். ஒருவரும் அசையவில்லை. ஒரு நாட்டின் முதுகெலும்பு எழுந்து நின்று தன்னைப் பார்ப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். கம்பம் மெதுவாகச் சாய்ந்தது. பச்சையா நீலமா என்று கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ராக்காயி தம்பியின் பக்கம் திரும்பினாள். “பாதின்னா, நீயாடா நானாடா?”

கந்தப்பன் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தக் குனிந்தான். தலைவர்மாரின் பேர் முதல் பாதியில் இருக்கும் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவன் முகத்தில் மீசை இருந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். நான்தான் எடுத்துவிட்டேனே.

5

மறுநாள் பெரட்டில் யாரும் கோஷம் போடவில்லை. வழக்கம்போல மலைக்குப் போனார்கள். கண்டாக்கு ஐயா மேற்பார்வைக்கு வந்தபோதுதான் பார்த்தார்: ஒவ்வொரு செடியிலும் ஒரு பக்கம் மட்டும் கொழுந்து எடுத்திருந்தது. மறு பக்கத்தில் விரல் படவில்லை.

“ஏய் ராக்காயி! என்னா இது? பாதிய விட்டுட்டுப் போற?”

“அது மத்தப் பாதி ஆளுகளுக்குங்க ஐயா. அவங்க யாருன்னு தெரிஞ்சதும் வந்து எடுப்பாங்க.”

“யாரு சொல்லித் தந்தது இத?”

“மாத்தயாதாங்க.”

அடுத்த தோட்டம் அதைப் பார்த்தது. அதற்கடுத்தது அதைப் பார்த்தது. யாரும் உத்தரவு போட்டதாக எனக்குத் தெரியாது. மகாசபையின் காரியாலயத்துக்கே செய்தி பிந்தித்தான் போனது. மாத்தயா குளிர்ச்சிக்காகச் சில வாரம் நுவரெலியாவில் தங்கிவிட்டுத் திரும்பும்போது, மலைகளில் பாதிச் செடி கரும்பச்சையாக அடங்கியும் பாதிச் செடி இளம்பச்சையாக முழங்கால் உயரத்துக்கு எழுந்தும் நின்றன. (தேயிலை தெரிந்தவர்கள் ‘விரலளவு’ என்று திருத்திக்கொள்ளலாம். எனக்கு முழங்கால்தான் பிடித்திருக்கிறது.) ரயில் வளையும் இடமெல்லாம் அதே காட்சி. மலைக்குப் பின் மலை, யாரோ நடுவில் கோடு கிழித்ததுபோல. ரயிலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எஞ்சின்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டதாக ட்ரைவர் என்னிடம் சொன்னார்.

ஹட்டன் ஸ்டேஷனில் மாத்தயா இறங்கித் தொப்பியைக் கழற்றினார். வழியனுப்ப வந்திருந்த கந்தப்பனிடம் கேட்டார்: “யார் செய்தது இதை?”

கந்தப்பன் மாலையோடு நின்றான். பிறகு, பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுகிறவனைப்போல் குரலெடுத்துச் சொன்னான்:

“ராக்காயி. முத்துலிங்கத்தின் மகள். அவ பேரு இல்லாத பட்டியல்ல என் பேரு வேணாங்க மாத்தயா.”

(ரயில் கூவியது. கடைசி வார்த்தைகள் மாத்தயாவின் காதில் விழுந்தனவா என்று சரிபுதீன் முதலாளியைக் கேட்டேன். “நான் மொழிபெயர்த்தேன் டைலர். கேட்டாரான்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்” என்றார்.)

6

முடிவுகள் மூன்று வெட்டி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், மாத்தயா அந்த இடத்திலேயே ‘முழுப்பேர்’ என்கிறார். ஊசிமலையில் தப்புமேளம் முழங்குகிறது. தைத்துப் பார்த்தேன். தையல் பிரிகிறது.

இன்னொன்றில், அவர் ‘யோசிக்கிறோம்’ என்கிறார். அவர் கொழும்பு போய்ச் சேர்வதற்குள் மகாசபை கூட்டணியை மாற்றிவிடுகிறது, கந்தப்பன் என் மெஷினுக்கு முன்னால் வந்து தலைகுனிந்து, “என்னா துணிண்ணே இருக்கு?” என்கிறான், நான் சிவப்பை எடுக்

இதை எழுதி முடிக்கக் கை வரவில்லை.

மூன்றாவதில் அக்காவும் தம்பியும் தலைமன்னார்த் துறையில் இந்தியக் கப்பலுக்காக

இல்லை. அதை எழுதமாட்டேன்.

ஆகவே நான் ஊசிமலைக்காரர்கள் செய்ததையே செய்கிறேன். இந்தச் செடியில் என் பக்கத்துக் கொழுந்தை எடுத்தாயிற்று. உங்கள் பக்கம் அப்படியே நிற்கிறது.

பெரட்டுக் களத்தில் இன்னும் பனி. அதற்குள் ஒருத்தி கூடையோடு நிற்கிறாள், உங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டாள். அவள் பேர் உங்களுக்குத் தெரியும், தகப்பன் பேரோடு. வேலைக்காக இல்லாமல், உனக்கு யார் வேண்டும் என்று கேட்பதற்காக, ஒருமுறை முழுசாகக் கூப்பிட்டுப் பாருங்கள்.

“இருக்கேங்க” என்பாள்.