ஒன்றரை மடங்கு

என் வீட்டுக்காரருக்கு இசை விமர்சனம் தொழில். எந்தப் பத்திரிகையிலும் நிரந்தர வேலை கிடையாது. கேட்பவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுப்பார். பெரிய கம்பெனிகள் சீந்தாத இண்டி ஆல்பங்களும் எமோ ஆல்பங்களும்தான் அவர் வட்டாரம். எமோ என்றால் வேறொன்றுமில்லை, காதலி போனாலும் பஸ் போனாலும் ஒரே மாதிரி கதறுவது. கதறுகிறவர்களை ஒரே வரியில் தீர்த்துக்கட்டுவதில் இவர் கைதேர்ந்தவர். அந்த வரிகளை முதலில் என்னிடம்தான் படித்துக் காட்டுவார். நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

என் தம்பி ஆல்பம் போடும்வரை.

பாட்டும் கிதாரும் அவன். டிரம்ஸ், பள்ளிக்கூடத்திலிருந்தே அவனோடு ஒட்டித் திரியும் குண்டூசி. ஆள்தான் ஒல்லி, அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் விழும்.

“புகழ வேண்டாம். ஒழுங்கா உக்காந்து கேட்டுட்டு எழுதுங்க, போதும்,” என்றேன்.

“தொழில்ல மச்சான் கிச்சான்னு பாக்க மாட்டேன்,” என்றார்.

பார்க்கத்தான் இல்லை. ‘பாடகர் கழிப்பறை வரிசையில் நிற்பவர்போல் அவசரப்படுகிறார். அவரைத் துரத்துவது டிரம்மர். அந்த ஆள் இருக்கும்வரை இந்தக் குழு உருப்படாது’ என்று வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிக்கு வரவில்லை.

“எனக்கு வேகமாத் தெரியலைக்கா. ஆனா அத்தானோடது எத்தனையோ ஆல்பம் கேட்ட காது. நம்ம காதை நம்பி என்னத்தக் கண்டோம்?” என்றான்.

குண்டூசியைக் கழற்றிவிட்டான். நேரில் சொல்ல வாய் வராமல், அந்த விமர்சனத்தையே அவனுக்கு அனுப்பிவைத்தான். பிறகு கம்ப்யூட்டரில் தாளம் போட்டு, எல்லாப் பாட்டையும் மெதுவாக்கி, மறுபடி வெளியிட்டான். ‘இப்போதுதான் பாட்டு மூச்சு விடுகிறது. தொல்லை ஒழிந்தது’ என்று எழுதினார் என் வீட்டுக்காரர்.

நன்றி சொல்ல ஸ்பீக்கரும் கையுமாக வந்தான் தம்பி. அத்தான் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தார். ஹாலில் ஸ்பீக்கரை வைத்து, தன் போனிலிருந்து முதல் பாட்டைப் போட்டான்.

“எவன்டா அது, எழவு வீட்ல இழுக்கற மாதிரி? நிறுத்துடி!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

தம்பி சிரித்தான். “நீங்க பாராட்டினதுதான் அத்தான்!”

அவர் முகத்தில் நுரையோடு வெளியே வந்தார். சிரிக்கவில்லை. மேஜைமேல் கிடந்த அவர் போனை எடுத்து, அதே பாட்டைத் தேடிப் போட்டேன். பாட்டில் இழுவையே இல்லை, விறுவிறுவென்று ஓடியது. திரையின் மூலையில் வேகம் ஒன்றரை மடங்கு என்று இருந்தது. செய்திகளை அவர் வேகம் கூட்டிக் கேட்பது எனக்குத் தெரியும். பாட்டையுமா?

“எல்லா ஆல்பத்தையும் இப்படித்தான் கேக்கறீங்களா?”

“வந்து குவியுறதுக்கு வேற எப்படிடி கேக்கறது? நல்ல பாட்டுன்னா எந்த வேகத்தையும் தாங்கணும்.”

போனை அந்த நுரைமுகத்தில் விட்டெறியலாம் போலிருந்தது.

தம்பி அதற்குள் குண்டூசியை அழைத்துவிட்டான். போன் இன்னும் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததால் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

“டேய், நீ சரியாத்தான்டா அடிச்சிருக்கே. தப்பு அத்தான் மேல.”

“நான் சரியா அடிச்சேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்,” என்றான் குண்டூசி. “பக்கத்துல நின்னு பாடின உனக்குத் தெரியலை பாரு.”

வைத்துவிட்டான்.

தம்பி ஸ்பீக்கரைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனான். “ரெண்டு பேருக்கும் பக்குவம் போதாது,” என்றபடி என் வீட்டுக்காரர் மீதித் தாடையை மழித்து முடித்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்கு உட்கார்ந்தார். வேகத்தை மாற்றினாரா என்று நான் கேட்கவில்லை. மேஜைக்கடியில் அவர் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்த வேகமே சொன்னது.