பேரம் பேசாத கடிதம்

அன்று முற்பகல் கோயிலின் விருந்து மண்டபத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். வாசலுக்கு நேரெதிரே, நடுக் கல்மேடையில், பாலைவன நகரமான பெத்சிலாவின் அரசன் யர்ஹாய். வயது பதினேழு. அவனுக்கு வலப்புறம், அதே மேடையில், அவனுடைய சித்தப்பா மொகீமு. வலச்சுவரை ஒட்டிய மேடையில் ஒட்டக வணிகர்களின் தலைவர் போல்ஹா, வீங்கிய முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து. அவருக்கு அடுத்துக் கோயில் பூசாரி எலாபெல். இடச்சுவர் மேடையில் ஒட்டகப்படைத் தலைவன் தைமு மட்டும். அவன் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் மதிலுக்கு வெளியே நடந்த சண்டையில் மாண்டுபோனார்கள். அந்த இடங்களில் யாரும் நகர்ந்து உட்காரவில்லை. தரையில், மடியில் பலகையோடு, எழுத்தர் நெபுசா. வாசற்படிக்கு உள்ளே ஒரு முக்காலியில் அரசனின் அக்கா சல்மாத். பெண்கள் அந்த மண்டபத்துக்குள் வருவது வழக்கமில்லை. அன்று அவளை எழுந்து போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மற்ற நாளாக இருந்தால் எல்லோரும் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருப்பார்கள், கையில் கிண்ணம் இருக்கும். அன்று யாரும் சாயவில்லை.

ரோமானியத் தளபதியின் இரண்டாவது கடிதத்தை நெபுசா மறுபடியும் படித்தார். நான்கே வரி. முதல் கடிதத்தில் கேட்டதுதான் இதிலும். ஊதா அங்கியை அணிந்தவன் இன்று சூரியன் மறைவதற்குள் தானே நடந்து எங்கள் முகாமுக்கு வர வேண்டும். வந்தால் நகரத்தையும் மக்களையும் தொட மாட்டோம். இதற்கு மேல் கடிதம் இல்லை.

"கவனிச்சீங்களா?" என்றார் போல்ஹா. "விலையை ஏத்தல. நம்ம பதில்ல நாம பாதிக்குக் கேட்டோம். கோபமா இருந்தா ரெண்டு பங்கா கேட்டிருப்பான். ஏத்தலைன்னா இறங்க மனசு இருக்குன்னு அர்த்தம்."

"வாய்க்காலை உடைச்சுட்டான் ஐயா," என்றான் தைமு.

"அது பேரத்துல ஒரு தட்டு. நான் தட்டாததா? பட்டுத்துணி வாங்கப் போனா, துணியைத் தூக்கிக் கடைக்காரன் மூஞ்சில போட்டுட்டு எழுந்து நடப்பேன். தெருக்கோடிக்குப் போறதுக்குள்ள பின்னாடியே ஓடி வருவான்."

"நீங்க துணியைப் போட்டீங்க. அவன் மலைத்தண்ணியை நிறுத்திட்டான். யாரு பின்னாடி யாரு ஓடறது?"

போல்ஹா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

முதல் கடிதத்துக்குப் பதில் எழுதியது இதே மண்டபத்தில்தான். பாலைவனக் குலத்தலைவர்கள் வழிவரி கேட்டு ஆள் அனுப்பும்போது பெத்சிலாக்காரர்கள் எப்படி எழுதுவார்களோ அப்படியே எழுதினார்கள். முதலில் புகழ்ச்சி, பிறகு வருத்தம், பிறகு பாதி. அரசன் வர மாட்டான், அவனுடைய மகுடம் வரும்; வேண்டுமானால் பிணையாகச் சித்தப்பா வருவார்; கூடவே இருபது ஒட்டகச் சுமை வாசனைப் பிசின். கேட்ட விலையை அப்படியே கொடுப்பது விற்பவனை அவமதிப்பது என்று இந்த ஊரில் நினைப்பார்கள். நல்ல கடிதம் என்று எல்லோரும் சொன்னார்கள். யர்ஹாயும் அப்படித்தான் நினைத்தான். உண்மையைச் சொன்னால், கடிதம் போன அன்று இரவு அவன் நன்றாகத் தூங்கினான். மறுநாள் காலை ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை.

அவன் அப்பா ரோமுக்காக எல்லை காத்தவர். கொள்ளையர் கையில் அவர் இறந்தபோது ரோமில் அரியணைக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாலைவனத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அப்போது மொகீமு அண்ணன் மகனுக்கு, ரோமப் பேரரசனுக்கு மட்டுமே உரிய ஊதா அங்கியைப் போர்த்தி, இனி நாம் யாருக்கும் கீழே இல்லை என்று சந்தைமேட்டில் நின்று கத்தினார். ஊரே கத்தியது. காசில் யர்ஹாயின் முகம் வந்தது. மூக்கைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டார்கள் என்று சல்மாத் ஒரு வருடம் சிரித்தாள்.

இப்போது ரோமில் ஒரே ஆள்தான். அவனுடைய படை ஊரைச் சுற்றி நின்றது.

"நானே போறேன்னு மறுபடி எழுது," என்றார் மொகீமு. "அங்கியைப் போர்த்தினது நான். குத்தம் என்னுது."

"அவங்களுக்கு உங்க மேல ஆசை இல்ல சித்தப்பா," என்றான் யர்ஹாய். "காசுல இருக்கற மூஞ்சி வேணும்."

சிரிப்பு வரும் என்று நினைத்துச் சொன்னான். குரல் பாதியில் உடைந்தது.

சல்மாத் முக்காலியை இழுத்து முன்னால் போட்டாள். "எதுக்கு இந்தப் பேச்சு? தைமு, உன்கிட்ட ஓடற ஒட்டகம் எத்தனை இருக்கு?"

"ரெண்டு. ரெண்டும் நல்லா ஓடும்."

"வடக்கு வாசல்ல காவல்?"

"இருட்டினதும் பாத்துக்கலாம். விடிஞ்சா ராசா ஆத்தங்கரையில இருப்பாரு."

"அவ்வளவுதான். இவன் ஒரு நாள்கூடத் தனியா இருந்ததில்ல, செருப்பு வார் கட்டவே ஆள் தேடுவான், ஆனா ஒட்டகத்து மேல உக்கார வெச்சா உக்காந்திருப்பான்."

யர்ஹாயின் உடம்பு முழுவதும் ஆமாம் என்றது. ஒட்டகத்தின் கழுத்து மணி கழற்றப்பட்டிருப்பதும், காற்று முகத்தில் அடிப்பதும், ஆற்றில் முகத்தை முக்கிக் குடிப்பதும் ஒரு நொடியில் வந்து போயின. யாராவது எழுந்திரு என்று கையைப் பிடித்திருந்தால் எழுந்திருப்பான்.

"இருட்டினதும்னா சூரியன் மறைஞ்சிருக்கும்," என்றார் பூசாரி எலாபெல். "அப்புறம் மதிலுக்குள்ள இருக்கறவங்க?"

சல்மாத் அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் இவனோட அக்கா. ஊரோட அக்கா இல்ல."

வெளியே வறண்ட தொட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வராது என்று தெரிந்தும் குடங்களை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். சண்டைகூடப் போடவில்லை. அந்தத் தொட்டியடியில் சண்டை இல்லாத ஒரு காலையை யர்ஹாய் பார்த்ததே இல்லை.

"எழுதுங்க நெபுசா," என்றான். "வர்றேன்னு எழுதுங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வேண்டாம் ராசா என்றார் போல்ஹா. தைமு எழுந்து நின்று, எழுந்தது எதற்கு என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். மொகீமு மட்டும் நெபுசாவின் எழுதுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார். நெபுசாவோ அரசனின் முகத்தைப் பார்க்காமல் எழுதத் தொடங்கினார்.

எழுதி முடித்ததும் படித்தார். நல்ல எழுத்தர் அவர். தளபதியின் பெருமை இரண்டு வரியில், அரசன் வருவது ஒரு வரியில். அதற்குப் பிறகு மொகீமு சொல்லச் சொல்ல எழுதியது: "இவன் தகப்பனில்லாத பிள்ளை. அங்கியை இவன் கேட்டு வாங்கவில்லை. நாங்கள் போர்த்தினோம். இவன் உயிரை மட்டும் விட்டுத் தருவீர்களானால், பெத்சிலா என்றைக்கும் உங்கள் வாசலில் கிடக்கும்."

யர்ஹாய்க்கு அந்த வரிகளை இன்னொரு முறை படிக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. தளபதிக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கலாம். இதைப் படித்து மனம் இளகலாம். விட்டுவிடுவோமே, இது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே இருந்தான்.

"அதை எடுத்துடுங்க," என்றான்.

"எதை?"

"உயிரைக் கேக்கறதை."

"டேய்!" என்றார் மொகீமு. அரசனானதிலிருந்து அவர் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"சித்தப்பா, அந்தியோக்கியாவுல நான் படிக்கும்போது கடைத்தெருவுல ஒண்ணு பாத்தேன். ரோமச் சிப்பாய் ஒருத்தன் படைக்கு வாற்கோதுமை வாங்க வந்தான். விலையைச் சொன்னான். விவசாயி, ஒரு காசு சேர்த்துப் போட்டுக் குடுங்க ஐயான்னான். கெஞ்சித்தான் கேட்டான். சிப்பாய் ஒண்ணும் பேசல. மூட்டையைக் கத்தியால கிழிச்சு எல்லாத்தையும் சாக்கடையில தள்ளிட்டு அடுத்த கடைக்குப் போயிட்டான். கோபமே படல. அவங்களுக்குக் கெஞ்சறதும் பேரந்தான்."

"நாங்க பேரமா பேசறோம்? உன் உயிரைக் கேக்கறோம்டா!"

"அவன் விலை சொல்லிட்டான். அதுக்கு மேல நாம எழுதற ஒவ்வொரு வரியும் அந்த விவசாயி கேட்ட ஒரு காசு மாதிரிதான். போன கடுதாசியில பாதி கேட்டோம், வாய்க்கால் போச்சு. இதுல உயிரைக் கேட்டா மதிலை உடைப்பான். நான் போயும் ஊர் போயிடும். அப்புறம் எதுக்கு நான் போகணும்?"

கடைசி வார்த்தைகளில் அவன் கத்திவிட்டான். கத்தியது மண்டபத்தின் கூரையில் மோதித் திரும்பியது. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் பெரிய மனசு இல்ல," என்றான் பிறகு. "அந்த வரி இருக்கணும்னு எனக்குத்தான் ரொம்ப ஆசை. அதனாலதான் சொல்றேன், இப்பவே எடுத்துடுங்க. இன்னும் கொஞ்ச நேரம் போனா நானே எடுக்க விட மாட்டேன்."

நெபுசா மொகீமுவைப் பார்த்தார். அரசனின் முத்திரை மோதிரம் மொகீமுவின் விரலில் இருந்தது. அரசனுக்கு வயது நிரம்பும்வரை அது அவரிடம்தான்.

"அந்த வரி இல்லாம நான் முத்திரை வைக்க மாட்டேன்," என்றார் மொகீமு. "தலையை வெட்டினாலும் மாட்டேன். உன் அப்பனுக்கு நாளைக்கு நான் என்ன பதில் சொல்றது? உன் புள்ளையை ஒரு வார்த்தைகூடக் கேக்காம குடுத்துட்டேன்னா?"

"அப்பாவை நீங்க எப்படி வாங்கிட்டு வந்தீங்க?"

மொகீமு நிமிர்ந்து பார்த்தார்.

எல்லோருக்கும் தெரிந்ததுதான். அண்ணனின் உடலைக் கொள்ளையரிடமிருந்து மீட்க மொகீமு தனியாகத்தான் போனார். அவர்கள் வழக்கமான மீட்புப்பணத்தைப் போல மூன்று மடங்கு கேட்டார்கள். உடலுக்கு விலை பேசக்கூடாது என்பது இந்த ஊர் வழக்கம்; எவ்வளவு பெரிய வியாபாரியானாலும், எவ்வளவு அநியாய விலையானாலும், வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பேசிவிட்டால் செத்தவருக்குக் கல்லறையில் இடம் கிடையாது. கொள்ளையருக்கும் இது தெரியும், அதனால்தான் அவ்வளவு கேட்பார்கள். மொகீமு கொடுத்தார். நல்ல வெயிலில் அண்ணனை ஒட்டகத்தில் முன்னால் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஒரு வார்த்தை பேசினீங்களா?" என்றான் யர்ஹாய்.

"அது பிணம்டா."

"இதுவும் அப்படின்னு வெச்சுக்கங்க."

சல்மாத் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மொகீமு எழுந்து யர்ஹாயின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அரசனை அடித்தால் கை போகும் என்பது சட்டம். தைமு அசையவில்லை. அடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மொகீமு அதை அவன் தலையில் வைத்தார். அப்படியே மேடையில் சரிந்து உட்கார்ந்து, தலையிலிருந்து கையை எடுக்காமல் அழுதார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

போல்ஹாதான் முதலில் பேசினார். "நெபுசா. புகழ்ச்சியையும் எடுத்துடு."

"ஐயா?"

"சாமான் வாங்கும்போதுதான் விக்கிறவனைப் புகழுவோம். உடலை வாங்கும்போது புகழ மாட்டோம். எல்லாத்தையும் எடு." நாற்பது வருடம் சந்தையை ஆண்ட மனிதர்; தலை குனிந்திருந்தது. "முதல் கடுதாசியையும் இப்படி எழுதியிருக்கணும். எனக்குத் தெரியலையே. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை பேரந்தானே."

நெபுசா புதுத் தாள் எடுத்தார். இந்த முறை எழுத நேரமே ஆகவில்லை. படித்துக் காட்டினார்: "ஊதா அங்கியை அணிந்தவன் வருகிறான். சூரியன் மறைவதற்கு முன்பு, கிழக்கு வாசல் வழியாக, நடந்து."

"வணக்கம் சொல்ல வேண்டாமா?" என்றார் பூசாரி.

"வேண்டாம்," என்றான் யர்ஹாய்.

தாளை மடித்து நூல் சுற்றினார்கள். முத்திரைக் களிமண் காய்ந்து கல்லாகக் கிடந்தது. நெபுசா அதில் உமிழ்ந்து பார்த்தார். வாயில் ஈரம் இல்லை. சல்மாத் இடுப்பிலிருந்து ஒரு சின்னத் தோல்பையை அவிழ்த்தாள். அவளுடைய பங்குத் தண்ணீர். நெபுசாவின் உள்ளங்கையில் சில சொட்டு விட்டாள், மீதியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"நீ குடி," என்றான்.

"பேரம் பேசாத. குடிடா."

குடித்தான். வெதுவெதுப்பாகத் தோல் நாற்றம் அடித்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

நெபுசா களிமண்ணைக் குழைத்து முடிச்சின் மேல் வைத்து மொகீமுவின் முன்னால் நீட்டினார். மொகீமு மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். விரல் வீங்கியிருந்தது, வரவில்லை. கையை மடக்கி, விரலோடு சேர்த்து அழுத்தினார். தேவைக்கு மேல் அழுத்திவிட்டார். களிமண் பிதுங்கி நூல் வெளியே தெரிந்தது. நெபுசா அதை நகத்தால் ஒதுக்கிச் சரிசெய்தார்.

"யாரு கொண்டு போறது?" என்று கேட்டார்.

தைமு கையை நீட்டி வாங்கிக்கொண்டான். வாசலில் அவனுடைய ஒட்டகம் படுத்திருந்தது. ஓடுகிற இரண்டில் ஒன்று. ஈட்டியின் நுனியில் வெள்ளைத் துணி கட்டினான், கடிதத்தை மார்புத்துணிக்குள் செருகினான், ஏறினான். கிழக்கு வாசலை ஓர் ஒட்டகம் நுழையும் அளவுக்குத் திறந்தார்கள். அவன் வெளியே போனதும் வாசலை மூடிக் கட்டையைப் போட்டார்கள்.