ஒன்பது பேருக்கு எட்டு கிலோ

அந்த வீட்டில் துவைக்கிற துணிக்குப் பஞ்சமே கிடையாது. கொடியில் காய்வது ஒரு பங்கு, வாளியில் ஊறுவது ஒரு பங்கு, கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்து யாராவது மூக்கைப் பொத்தும்போது வெளியே வருவது இன்னொரு பங்கு. இத்தனையையும் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கையால் கசக்கிப் போட்டவள் பாப்பா. கூப்பிடுவதுதான் பாப்பா; வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியாயிற்று. அண்ணிக்கு முதல் பிரசவம் என்று ஒரு மாதம் ஒத்தாசைக்கு வந்தவள், கல்யாணம் கூடிவராமல் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அன்றைக்குப் பிறந்த பெரியவனுக்கே இப்போது மூன்று பிள்ளைகள்.

திடீரென்று ஒருநாள் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கி, வாளியைத் தூக்க முடியாமல் போயிற்று. ஒரு வாரம் பெரியவன் பெண்டாட்டியும் சின்னவன் பெண்டாட்டியும் துவைத்துப் பார்த்தார்கள். மற்ற எதிலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு பேரும் வார முடிவில் ஒரே குரலில், வாஷிங் மெஷின் இல்லாமல் இனிமேல் குடித்தனம் நடக்காது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷமாக யாருக்கும் தோன்றாத யோசனை. தோன்ற வேண்டிய கைகளுக்கு வலித்தால்தானே தோன்றும்!

குழாய், தண்ணீர் போகிற வழி, பிளக் மூன்றும் ஒருசேர இருந்தது சமையலறைக்குப் பின்னால் இருந்த பாப்பாவின் அறையில்தான். அறை என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். ஒரு கட்டில், ஒரு தகர அலமாரி, மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு ஆள் திரும்பலாம். ஆனால் அதற்கு ஒரு கதவு இருந்தது, உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அந்த வீட்டில் பாப்பாவுக்கென்று இருந்தது அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான்.

சின்னவன் டேப்பை நீட்டி அளந்தான். "எட்டு கிலோ மெஷின்னா கட்டில் அப்படியே இருக்கலாம்பா. பத்து கிலோ வாங்கினா அதோட கதவைத் திறக்க முடியாது, கட்டில்ல இடிக்கும்."

"இடிச்சா கட்டிலை எடுத்துட வேண்டியதுதான். பாப்பா ஹால்ல பாயைப் போட்டுக்கிட்டுப் போறா," என்றார் அண்ணன்.

ஹாலில் என்றால் கடைசி ஆள் டிவியை அணைக்கும்வரை பாப்பா கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் ஆள் எழுந்து வரும்முன் பாயைச் சுருட்ட வேண்டும். தலைவலி என்று பகலில் கொஞ்சம் சாய முடியாது. அழுகை வந்தால் அழக்கூட முடியாது.

கடைக்கு அண்ணனும் அண்ணியும் போனபோது அவளையும் அழைத்துப் போனார்கள். துணி விவகாரம் அவளுக்குத்தானே தெரியும்! கடையில் வெள்ளை வெள்ளையாக மெஷின்கள் வரிசைகட்டி நின்றன. விற்பனைப் பெண் படபடவென்று பேசினாள். கேட்டதற்கும் பதில், கேட்காததற்கும் பதில்.

"வீட்டுல எத்தனை பேர் சார்?"

அண்ணன் விரலை மடக்கினார். "நான், இவ. பெரியவன், அவன் சம்சாரம், பசங்க மூணு. சின்னவன், அவன் சம்சாரம். ஒன்பது."

"ஒன்பதுதான்," என்று அண்ணியும் தலையாட்டினாள்.

"ஒன்பதுன்னா எட்டு கிலோவுல சமாளிச்சுடலாம் சார். ஒரு ஆள் கூடினாலும் பத்து கிலோ போயிடுங்க."

பாப்பா அவர்களுக்குப் பின்னால்தான், அண்ணியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து நானும் இருக்கிறேனே என்றால் கட்டில் போச்சு. திறக்காவிட்டால் அவளே இல்லை. அண்ணன் திரும்பிப் பார்த்து, அடடா என்று பத்தாவது விரலை மடக்கிவிடுவாரோ என்று பயந்தாள். திரும்பிப் பார்க்க மாட்டாரா என்றும் ஏங்கினாள். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள்தான் நடந்தது. அண்ணன் எட்டு கிலோ மெஷினைத் தட்டிப் பார்த்து, "இதையே பில் போடும்மா," என்றார்.

மெஷின் வந்து இறங்கியது. பொருத்த வந்தவன், "யாரு ஓட்டப் போறது?" என்று கேட்டதும் அத்தனை கைகளும் பாப்பாவைக் காட்டின. அவளும் கெட்டிக்காரி, ஒரே தரத்தில் கற்றுக்கொண்டாள். முதல் நாளே எல்லார் துணியோடும் தன்னுடைய இரண்டு புடவைகளையும் சேர்த்து, கதவை முட்டியால் அழுத்தி மூடினாள். சின்னவனின் கறுப்புப் பேண்ட் சோப்பு மாவு திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"ஏன் அத்தை இப்படித் திணிக்கிறீங்க? ஒன்பது பேர் துணிக்குத்தானே இது?" என்றான் சின்னவன்.

மறுநாளிலிருந்து பாப்பா தன் புடவைகளைத் தனியாகக் கையால் அலசி, தன் அறை ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். மணிக்கட்டு வலித்தது. மெஷின் என்னவோ அவளோடு நல்லபடியாகத்தான் பழகியது. மதியத்தில் அது மெல்ல உருளும்போது கட்டிலில் சாய்ந்துகொள்வாள். அந்த வீட்டில் அவள் பக்கத்தில் வந்து அவ்வளவு நேரம் இருந்தவர்கள் வேறு யாரும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் தம்பி வந்திருந்தார். அவரும் மெஷின் வாங்கப் போகிறாராம், யோசனை கேட்டார். அண்ணன் உற்சாகமாகி, மறுபடியும் விரல்களை மடக்கி ஒன்பது பேர் கணக்கை ஒப்பித்தார். பாப்பா டீத் தட்டோடு வந்து நின்றாள்.

"பாப்பாவை விட்டுட்டீங்களே மாமா? பத்து பேரில்ல?"

அண்ணன் டீயை எடுத்துக்கொண்டு சிரித்தார். "அவ துணி இதுல எங்க போகுது? அவதான் தனியா துவைச்சுக்கிறாளே. அவளை எதுக்கு எண்ணிக்கிட்டு!"

அதில் வஞ்சனை எதுவும் இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பாப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு அறைக்குப் போனாள். பிள்ளைகளின் யூனிபார்ம் மூட்டை காத்துக்கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளினாள். வாளியில் ஊறிக்கொண்டிருந்த தன் நீலப் புடவையைப் பிழிந்து, அது ஒன்றை மட்டும் மெஷினுக்குள் போட்டு ஓடவிட்டாள்.

ஒற்றைப் புடவை ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டு, கடைசிச் சுற்றில் மெஷின் தடதடவென்று சுவரில் இடித்தது. ஹாலில் பேச்சு நின்றது. அண்ணன் எழுந்து வந்தார்.

"என்ன சத்தம் இது? யார் துணி ஓடுது?"

"என்னோடதுண்ணே."

"ஒத்தைப் புடவைக்கா மெஷினு? உடைஞ்சு தொலையப் போகுது."

"கூடப் போட இடமில்லண்ணே. அது ஒன்பது பேருக்குத்தானே. நான் பத்தாவது."

"அட, கடையிலயே சொல்றதுக்கு என்ன? பெரிசாவே வாங்கியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா என் கட்டில் போயிருக்கும்ணே."

அண்ணன் கட்டிலைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் என்னவோ வந்தது, வந்த வேகத்தில் போயும் போயிற்று.

"நல்லவேளை, சொல்லாம இருந்தே. பெரிசுன்னா கரண்ட் ரொம்ப இழுக்கும்," என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனார்.

மெஷின் நின்றது. பாப்பா புடவையை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். கொடியில் ஒன்பது பேர் துணியும் நெருக்கியடித்துக் காய்ந்துகொண்டிருந்தது. அவற்றை இரண்டு பக்கமும் தள்ளி, நடுவில் இடம் பண்ணி, நீலப் புடவையை முழுக்க விரித்துப் போட்டாள். பிறகு அறைக்குத் திரும்பி, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.